35,000 அடியில் மப்பு: பொறுப்பு யாருக்கு?

விமானத்தில் குடித்துவிட்டு ரகளை செய்தார் என்று செய்தியில் அடிபடுவது ஒரே ஒருவரின் பெயர்தான். கைதாவதும், வேலை இழப்பதும், தடைப் பட்டியலில் ஏறுவதும் அவரே. அதில் தவறில்லை, குடித்தது அவர்தானே. ஆனால் விமானப் போக்குவரத்துச் சட்டங்களைப் புரட்டினால், அவரோடு சேர்த்து இன்னும் பலருக்கு அங்கே கடமை எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. போர்டிங் கேட்டில் பாஸை வாங்கிப் பார்ப்பவர், மதுவை ஊற்றிக் கொடுக்கும் பணியாளர், காக்பிட்டில் இருக்கும் கேப்டன், விமான நிறுவனம், அரசின் ஒழுங்குமுறை அமைப்பு, விமானம் இறங்கும் ஊரின் போலீஸ் என்று அந்த வரிசை நீள்கிறது. இவர்களில் சிலருக்குக் கடமை அதிகம், அதிகாரம் குறைவு. ஒருவருக்கு அதிகாரம் முழுவதும் உண்டு, ஆனால் நடப்பது எதுவும் அவர் கண்ணில் படாது. லாபத்தில் பெரிய பங்கும் பொறுப்பில் மிகச் சிறிய பங்கும் உள்ள ஓர் இடமும் உண்டு. அது விமான நிலையத்தின் பார்.

சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐ.ஏ.டி.ஏ. தரும் கணக்கின்படி, 2021இல் 835 விமானங்களுக்கு ஒன்று என்ற அளவில் பயணிகளின் ஒழுங்கீனச் சம்பவங்கள் பதிவாயின. 2022இல் அது 568க்கு ஒன்று, 2023இல் 480க்கு ஒன்று. இவை அத்தனையும் குடியால் வந்தவை அல்ல. பெல்ட் போட மறுப்பது, கழிவறையில் புகைப்பது, சொன்னதைக் கேட்காமல் வம்பு பேசுவது எல்லாம் இதில் சேரும். அமெரிக்காவில் 2021இல் ஏறக்குறைய 6,000 புகார்கள் வந்தன. அவற்றில் 4,000க்கும் மேற்பட்டவை முகக்கவசம் அணிய மறுத்ததால் வந்தவை. ஆனாலும் பட்டியலில் எப்போதும் முன்வரிசையில் இருக்கும் காரணங்களில் குடிபோதையும் ஒன்று. அதோடு, 'சொன்னதைக் கேட்கவில்லை' என்று பதிவாகும் பல சம்பவங்களுக்குப் பின்னாலும் இரண்டு மூன்று ரவுண்டு இருக்கும்.

மேலே போனால் ஒரு பெக் இரண்டு பெக்குக்குச் சமம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பாதி உண்மைகூட இல்லாத நம்பிக்கை இது. 35,000 அடியில் பறந்தாலும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்கு ஈடாக வைக்கப்படுகிறது. ஏறத்தாழ ஊட்டியின் உயரம். ஊட்டிக்காரர்கள் பாதி அளவிலேயே தள்ளாடுவதாக யாரும் சொன்னதில்லை. 1930களின் ஆய்வுகளிலிருந்து பரவிய இந்தக் கருத்தைப் பிற்காலச் சோதனைகள் உறுதி செய்யவில்லை. இரத்தத்தில் ஏறும் ஆல்கஹால் அளவு உயரத்தால் கூடுவதில்லை. மாறுவது வேறு. ஜெர்மன் விண்வெளி ஆய்வு மையத்தினர் 2024இல் 'தோராக்ஸ்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், விமான அறையின் அழுத்தத்தில் குடித்துவிட்டுத் தூங்கிய ஆரோக்கியமான இளைஞர்களின் இரத்த ஆக்சிஜன் அளவு சராசரியாக 85 சதவீதத்துக்கு இறங்கியது, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 88ஆக ஏறியது. அதாவது உயரத்தில் குடிப்பது போதையைக் கூட்டுவதைவிட உடலைத்தான் அதிகம் வாட்டுகிறது. ரகளைக்கான காரணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை: தூக்கமின்மை, வெறும் வயிறு, பறக்கும் பயம், பயத்துக்குப் போட்ட மாத்திரை, அதன்மேல் ஊற்றிய விஸ்கி, பக்கத்து ஆளின் முழங்கை. சட்டத்துக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. 'மேலே போனதும் எதிர்பாராமல் ஏறிவிட்டது' என்பது சாக்காக எடுபடாது.

பெரும்பாலும் கதை தரையில் தொடங்குகிறது. பிரிட்டனில் ஊருக்குள் இருக்கும் பப்களுக்கு 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின் கட்டுப்பாடுகள் அத்தனையும் பொருந்தும். குறிப்பிட்ட சர்வதேச விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிய பகுதியில் உள்ள பார்களுக்கு அதே சட்டம் விலக்கு தந்திருக்கிறது. அதிகாலை 5 மணிக்குப் பீர் கிளாஸோடு செல்ஃபி எடுக்கும் விடுமுறைக் கூட்டம் அங்கே சாதாரணக் காட்சி. இந்த விலக்கை நீக்க வேண்டும் என்று பிரபுக்கள் சபையின் குழு ஒன்று 2017இல் பரிந்துரைத்தது. 2018இல் உள்துறை அமைச்சகம் கருத்துக் கேட்டது. ரையன்ஏர் நிறுவனத்தின் தலைவர் மைக்கேல் ஓ'லியரி, விமான நிலையத்தில் ஓர் ஆளுக்கு இரண்டு கிளாஸ்தான் என்று வரம்பு வேண்டும், போர்டிங் பாஸைக் காட்டி வாங்கட்டும் என்று 2024இல் கேட்டார். விமானத்துக்குள் இவரது நிறுவனமும் மது விற்கிறது என்பதை எதிர்த்தரப்பு சொல்லிக்காட்டாமல் விடுமா? ஆனாலும் அவர் சொன்னதில் விஷயம் உண்டு. தரையில் விற்றவருக்குப் பணம், மேலே சமாளிப்பவருக்குப் பாடு என்பதுதான் இன்றைய ஏற்பாடு.

அமெரிக்காவில் 2021இல் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. கொரோனாவைக் காரணம் காட்டிச் சில பெரிய நிறுவனங்கள் சாதாரண வகுப்பில் மது கொடுப்பதையே நிறுத்தியிருந்தன. அப்படியும் போதையில் ரகளை நின்றபாடில்லை. விமான நிலைய பார்கள் பார்சல் கப்பில் மதுவை ஊற்றிக் கொடுக்க, பயணிகள் அதைக் கையில் பிடித்தபடியே விமானம் ஏறினார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.வின் தலைவர் ஸ்டீவ் டிக்சன் விமான நிலையங்களுக்குக் கடிதம் எழுதி, இந்தப் பார்சல் மதுவை நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று. விமான நிறுவனத்தின் மீது அவருக்குச் சட்ட அதிகாரம் இருந்தது. பார் மீது இருந்தது வேண்டுகோள் மட்டுமே.

அடுத்த இடம் போர்டிங் கேட். அமெரிக்க விதி, போதையில் இருப்பதாகத் தோன்றும் யாரையும் நிறுவனம் விமானத்தில் ஏற்றக் கூடாது என்கிறது. பிரிட்டனின் 2016ஆம் ஆண்டு வான்வழி ஆணை பயணியையே நேரடியாகப் பிடிக்கிறது: போதையோடு விமானத்தில் நுழைவதும் குற்றம், உள்ளே போதையில் இருப்பதும் குற்றம், அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. யாரையும் அடிக்க வேண்டியதில்லை, திட்ட வேண்டியதுகூட இல்லை. எழுத்தில் இவ்வளவு கண்டிப்பு. நடைமுறையில் அரைமணி நேரத்துக்குள் 180 பேரை உள்ளே அனுப்பும் அவசரத்தில், ஓர் ஆளின் முகத்தைப் பார்க்கச் சில விநாடிகள்தான் கிடைக்கும். விமானிகளுக்கு இந்தியாவில் பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் மது கூடாது, ஊதிக்காட்டும் சோதனையும் உண்டு. பயணிக்கு அப்படி எந்தச் சோதனையும் கிடையாது, பார்வைக்குத் தெரிவதுதான் அளவுகோல். கடைசி அழைப்பு வந்த பிறகு மளமளவென்று இரண்டு பெக்கை முடித்துவிட்டு ஓடிவருபவர் கேட்டில் நிதானமாகத்தான் இருப்பார். குடித்தது இரத்தத்தில் உச்சத்தைத் தொட அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் விமானம் மேலே ஏறியிருக்கும். போதை தெளிவாகத் தெரிந்தாலும், ஏற்ற மறுத்தால் அவருடைய பெட்டியைச் சரக்கு அறையில் தேடி இறக்க வேண்டும், விமானம் தாமதமாகும், வாக்குவாதம் வரும். 'உள்ளே போனால் தூங்கிவிடுவார்' என்ற நினைப்பில் அனுப்பிவிடுவது ஊழியருக்குச் சுலபம். பெரும்பாலும் அவர் தூங்கியும்விடுகிறார். அதனால்தான் இந்தப் பழக்கம் மாறுவதில்லை.

விமானத்துக்குள் பொறுப்பு கேபின் பணியாளர்களிடம் வருகிறது. இந்திய உள்நாட்டு விமானங்களில் மது கொடுப்பதில்லை. அங்கே போதை என்றால் தரையிலேயே ஏற்றிக்கொண்டு வந்தது, அல்லது பையிலிருந்து கமுக்கமாக எடுத்துக் கோலாவில் கலந்தது. சர்வதேச விமானங்களில் நிறுவனமே ஊற்றுகிறது. டூட்டி ஃப்ரீயில் வாங்கிய சொந்தப் பாட்டிலைத் திறந்து குடிப்பது பரவலாகத் தடை செய்யப்பட்ட ஒன்று. அமெரிக்க விதி அதை வெளிப்படையாகச் சொல்கிறது. நிறுவனம் ஊற்றாத மதுவை யாரும் குடிக்கக் கூடாது, போதையில் தெரிபவருக்கு நிறுவனம் ஊற்றவும் கூடாது. அனுபவமுள்ள பணியாளர்களுக்கு இதற்கான வழிகள் கைவந்தவை: அடுத்த ரவுண்டைத் தாமதப்படுத்துவது, ஐஸையும் சோடாவையும் கூட்டுவது, முதலில் சாப்பாட்டை வைப்பது, எத்தனை ஊற்றினோம் என்பதைத் தங்களுக்குள் சொல்லி வைப்பது. இந்தக் கடைசி வேலைதான் அடிக்கடி தவறுகிறது. முன்பக்கம் ஒருவரிடம் இரண்டு, பின்பக்க உணவுத் தயாரிப்புப் பகுதியில் போய் நின்று இன்னொருவரிடம் இரண்டு என்று வாங்குபவரின் மொத்தக் கணக்கு யாரிடமும் இருப்பதில்லை.

பிசினஸ் கிளாஸில் சிக்கல் இன்னும் கூடும். லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் மதுவும் ஒரு பகுதி. விளம்பரப் படத்திலேயே ஷாம்பெயின் கிளாஸ் இருக்கிறது. அந்தப் பயணியிடம் 'போதும் சார்' என்று சொல்லும் வேலை, இருபத்துச் சொச்சம் வயதுப் பணிப்பெண்ணின் தலையில் விழுகிறது. பயணி புகார் எழுதினால் விளக்கம் சொல்ல வேண்டியதும் அந்தப் பெண்தான். நிறுவனம் தன் ஊழியர் மறுத்ததற்குப் பின்னால் நிற்கும் என்று ஊழியருக்கே நம்பிக்கை இல்லாதபோது, கையேட்டில் எழுதிவைத்த அதிகாரத்துக்கு மதிப்பு இல்லை.

கேப்டனின் நிலை நேரெதிர். 1963 செப்டம்பர் 14 அன்று கையெழுத்தான டோக்கியோ ஒப்பந்தம் 1969இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதற்காக 1975இல் தனிச் சட்டமே இயற்றியது. ஒப்பந்தத்தின்படி, விமானக் கதவுகள் எல்லாம் மூடிய நொடியிலிருந்து மீண்டும் ஒரு கதவு திறக்கும்வரை, ஒழுங்கைக் காக்க நியாயமான எந்த நடவடிக்கையையும் கேப்டன் எடுக்கலாம். பயணியைக் கட்டி வைக்கலாம், வழியில் ஏதாவது ஊரில் இறக்கிவிடலாம், கடும் குற்றமானால் போலீசிடம் ஒப்படைக்கலாம். பணியாளர்களுக்கு அவர் உத்தரவிடலாம். பயணிகளிடம் உதவி கேட்கலாம், கட்டாயப்படுத்த முடியாது. நியாயமாக நடந்துகொண்டால் பின்னால் அவர் மீது வழக்கு நிற்காது. இவ்வளவு அதிகாரம் உள்ளவர் 2001 செப்டம்பர் தாக்குதல்களுக்குப் பிறகு பூட்டிய வலுவான கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். கேபினில் ரகளை என்றால் அவர் வெளியே வருவது ஆபத்து, வரவும் மாட்டார். கேபினில் நடப்பது எல்லாம் அவருக்கு இன்டர்காமில் சொல்லப்படுவதுதான். சொல்பவர் குறைத்துச் சொன்னால் முடிவும் குறைவாகவே இருக்கும்.

இந்த அத்தனை ஓட்டைகளும் ஒரே விமானத்தில் தெரிந்தது 2022 நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து டெல்லிக்கு வந்த ஏர் இந்தியா 102 விமானத்தில். பிசினஸ் கிளாஸில் மதிய உணவு முடிந்து விளக்குகள் மங்கிய நேரத்தில், குடித்திருந்த ஆண் பயணி ஒருவர் எழுபது வயதைக் கடந்த பெண் பயணியின் மேல் சிறுநீர் கழித்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் பின்னர் நீதிமன்றத்தில் அதை மறுத்தார். அந்தப் பெண் நிறுவனத்தின் தலைவருக்கு எழுதிய கடிதத்தின்படி, மாற்றுடையும் செருப்பும் கொடுத்த பணியாளர்கள், வேறு இருக்கை இல்லை என்று சொல்லிச் சிறிது நேரம் பணியாளர் இருக்கையில் உட்கார வைத்தார்கள். பிறகு நனைந்த அதே இருக்கையின் மேல் விரிப்பைப் போட்டு, அங்கேயே போய் உட்காரச் சொன்னார்கள். முதல் வகுப்பில் இடம் காலியாக இருந்தது என்று சக பயணியான மருத்துவர் ஒருவர் புகார் எழுதினார். அந்த ஆள் சாப்பாட்டு நேரத்தில் நான்கு விஸ்கி குடித்ததாகவும், அதைப் பணியாளரிடம் முன்பே சொன்னதாகவும் அந்த மருத்துவரே பின்னர் கூறினார். இதைவிட மோசம் அடுத்து நடந்தது. அந்த ஆளைப் பார்க்கவே விருப்பம் இல்லை என்று அந்தப் பெண் சொன்ன பிறகும், மன்னிப்புக் கேட்கட்டும் என்று அவரை எதிரே கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஊர்ப் பஞ்சாயத்து பாணியில் இருவரையும் பேச வைத்து முடித்துவிடலாம் என்று பணியாளர்கள் நினைத்திருக்கலாம். ஆனால் அது அவர்கள் முடிவு செய்ய வேண்டிய விஷயமே அல்ல. விமானம் டெல்லியில் இறங்கியது, அந்த ஆள் மற்றவர்களோடு வெளியே நடந்து போய்விட்டார்.

இந்திய விதி இந்த இடத்தில் தெளிவானது. ஒழுங்கீனச் சம்பவம் நடந்தால், இறங்கிய 12 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். ஏர் இந்தியா தெரிவிக்கவில்லை. போலீசில் நிறுவனம் புகார் கொடுத்தது டிசம்பர் 28ஆம் தேதி, செய்தி வெளியே வந்தது 2023 ஜனவரி முதல் வாரம். கைது அதன் பிறகுதான். டி.ஜி.சி.ஏ. நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாயும், விமானச் சேவைப் பிரிவின் இயக்குநருக்கு 3 லட்சமும் அபராதம் விதித்தது. கேப்டனின் உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. முதல் சம்பவத்துக்குச் சில நாள் கழித்து, 2022 டிசம்பர் 6 அன்று பாரிஸ்–டெல்லி விமானத்தில் நடந்த இதே மாதிரியான இன்னொரு சம்பவத்தையும் மறைத்ததற்கு மேலும் 10 லட்சம். விமானிகள் சங்கத்தினர் கேப்டனுக்கான தண்டனை அநியாயம் என்றார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. பணியாளர்கள் சொன்னதைக் கேட்டு அவர் முடிவெடுத்தார். ஆனால் சட்டம் எல்லா அதிகாரத்தையும் ஒருவர் கையில் கொடுத்திருக்கும்போது, அதன் பொறுப்பு மட்டும் வேறொருவர் மேல் போக முடியாது.

ஏர் இந்தியாவின் தலைமை அதிகாரி கேம்ப்பெல் வில்சன் மன்னிப்புக் கேட்டார். ஜனவரியிலேயே மது பரிமாறுவதற்கான புதிய நெறிமுறையை நிறுவனம் வெளியிட்டது. போக்குவரத்து விளக்கைப் போல மூன்று நிலைகள்: பச்சையில் பயணி இயல்பாகப் பேசுகிறார், மஞ்சளில் கூச்சம் விட்டுப்போகிறது, சிவப்பில் ஊற்றுவதை நிறுத்த வேண்டும். இது அமெரிக்க உணவகச் சங்கம் பார் ஊழியர்களுக்குச் சொல்லித்தந்த முறை. இதை முன்பே செய்திருக்கலாமே என்பதைத் தவிர இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பாதிக்கப்பட்ட பெண் உச்ச நீதிமன்றத்துக்கும் போனார், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான நெறிமுறை வேண்டும் என்று. 2024 நவம்பரில் மனு விசாரணைக்கு வந்தபோது, பொள்ளாச்சிக்காரரான நீதிபதி கே.வி. விஸ்வநாதன் தாம் பயணம் செய்த விமானத்தில் பார்த்ததைச் சொன்னார். முழு போதையில் இரண்டு பேர். ஒருவர் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கிவிட்டார், இன்னொருவர் வெளியே வாந்திப் பையோடு. பணியாளர்கள் எல்லாரும் பெண்கள், கதவைத் திறக்க அவர்களால் முடியவில்லை. இருக்கை ஒதுக்குவதிலிருந்தே புதிதாக ஏதாவது யோசியுங்கள் என்றார் நீதிபதி.

பயணிக்கு விமான நிறுவனம் தரும் தண்டனை தடைப் பட்டியல். 2017இல் மக்களவை உறுப்பினர் ஒருவர் ஏர் இந்தியா ஊழியரைத் தாக்கிய விவகாரத்துக்குப் பிறகு டி.ஜி.சி.ஏ. அதற்கு விதி வகுத்தது. வாய்ச்சண்டையும் கட்டுக்கடங்காத போதையும் முதல் நிலை, மூன்று மாதம் வரை தடை. அடிப்பது, தள்ளுவது, தவறாகத் தொடுவது இரண்டாம் நிலை, ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்தானது மூன்றாம் நிலை, குறைந்தது இரண்டு ஆண்டு, மேல்வரம்பு இல்லை. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுபடி செய்தால் முந்தைய தடையின் இரண்டு மடங்கு. 102ஆம் விமானப் பயணிக்குக் கிடைத்தது நான்கு மாதம். ஒரு நிறுவனத்தின் பட்டியல் மற்ற நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது என்பது இந்த ஏற்பாட்டின் பெரிய பலவீனம். ஒரு கவுண்டரில் விரட்டப்பட்டவர் அடுத்த கவுண்டரில் டிக்கெட் வாங்கலாம்.

நீதிமன்றத்துக்குப் போனால் 'போதையில் இருந்தேன், எதுவும் நினைவில்லை' என்பது எவ்வளவு தூரம் செல்லும்? இந்தியாவில் அவ்வளவு தூரம் போகாது. ஒருவருக்குத் தெரியாமலோ அவர் விருப்பத்துக்கு மாறாகவோ போதை ஏற்றப்பட்டு, செய்வது இன்னதென்று அறிய முடியாத நிலையில் இருந்தால்தான் அது குற்றமாகாது. பழைய தண்டனைச் சட்டத்தின் 85, 86ஆம் பிரிவுகள் சொன்ன இதே விதி இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 23, 24ஆம் பிரிவுகளாக இருக்கிறது. தானே குடித்தவருக்கு, குடிக்காதபோது இருந்திருக்கும் அறிவு இருந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். 1956இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பாஸ்தேவ் வழக்கில், கல்யாண வீட்டில் குடித்திருந்த ஓய்வுபெற்ற ராணுவ ஜமேதார் ஒருவர், உட்கார வசதியாக நகரச் சொன்னபோது நகராத சிறுவனைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். போதையைக் காரணம் காட்டிக் கொலைக் குற்றத்திலிருந்து அவரால் இறங்க முடியவில்லை.

தண்டனையின் அளவு வேறு கதை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுப்பதற்கு 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் 510ஆம் பிரிவு வைத்திருந்தது 24 மணி நேரச் சிறை, அல்லது 10 ரூபாய் அபராதம். 102ஆம் விமான வழக்கில் போட்ட பிரிவுகளில் இதுவும் ஒன்று. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவித்தது முதலிய கடுமையான பிரிவுகளும் விமான விதிகளும் சேர்ந்ததால்தான் வழக்குக்குக் கனம் வந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டம் அந்த 10 ரூபாயை 1,000 ரூபாயாக்கி, சமூக சேவையையும் சேர்த்திருக்கிறது.

இதெல்லாம் விமானமும் இறங்கும் ஊரும் ஒரே நாட்டில் இருந்தால் நடப்பது. டோக்கியோ ஒப்பந்தம் வழக்கு நடத்தும் உரிமையை முதன்மையாக விமானம் பதிவான நாட்டுக்குக் கொடுத்தது. குத்தகை விமானங்கள் பெருகிய பிறகு இந்த விதி கோமாளித்தனமாகிவிட்டது. 2022க்கு முன் ரஷ்ய நிறுவனங்கள் ஓட்டிய நூற்றுக்கணக்கான விமானங்கள் பெர்முடாவில் பதிவானவை. மாஸ்கோவாசி ஒருவர் துருக்கிக்குப் போகும் வழியில் ரகளை செய்தால், அட்லாண்டிக் நடுவில் உள்ள ஒரு தீவா வழக்குப் போடும்? இறங்கிய ஊர் போலீஸ் 'எங்களுக்கு அதிகாரம் இல்லை' என்று கைவிரித்து விடுவித்த சம்பவங்கள் ஏராளம். 2014இல் மாண்ட்ரியலில் கையெழுத்தாகி 2020 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த நெறிமுறை, இறங்கும் நாட்டுக்கும் இயக்கும் நிறுவனத்தின் நாட்டுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்தது. ஏற்ற நாடுகளுக்குள் மட்டுமே அது செல்லும்.

அந்த நெறிமுறை இன்னொன்றையும் சொல்கிறது. ஏற்பட்ட செலவை ரகளை செய்தவரிடம் கேட்கும் உரிமைக்குத் தடை இல்லை. விமானத்தைத் திருப்பினால் எரிபொருள், தரையிறங்கும் கட்டணம், நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஓட்டல், தவறிய இணைப்புகள் என்று செலவு குவியும். 2019 ஜூனில் லண்டன் ஸ்டான்ஸ்டெட்டிலிருந்து துருக்கிக்குக் கிளம்பிய ஜெட்2 விமானத்தில் ஒரு பெண் கதவைத் திறக்கப் போனார். துணைக்குப் பறந்த போர் விமானங்களின் அதிர்வொலி எசெக்ஸ் வட்டாரம் முழுக்கக் கேட்டது. அவருக்கு இரண்டு ஆண்டு சிறை, நிறுவனத்திடமிருந்து 85,000 பவுண்டு பில், ஆயுள் தடை. அதே ஆண்டு கால்கரியிலிருந்து லண்டனுக்குப் போன வெஸ்ட்ஜெட் விமானம் ஒரு குடிகாரரால் வழியிலேயே திரும்பியபோது, கனடா நீதிபதி கட்டச் சொன்னது எரிபொருளின் விலையான 21,260 கனடிய டாலர் மட்டும். மற்ற இழப்புகளையும் சேர்த்தால் அவரால் ஆயுளுக்கும் கட்ட முடியாது. 2024இல் டப்ளினிலிருந்து லான்சரோட்டேக்குப் போகும் வழியில் போர்ட்டோவில் இறங்க வேண்டிவந்த விமானத்துக்காக ரையன்ஏர் ஒரு பயணியிடம் 15,000 யூரோ கேட்டு வழக்குப் போட்டது.

திருப்பவே முடியாமல் போனதும் உண்டு. 1995இல் புவனஸ் ஐரிஸிலிருந்து நியூயார்க் போன யுனைடெட் விமானத்தில், மேலும் மது தர மறுத்ததற்காக முதல் வகுப்புப் பயணி ஒருவர் பணியாளரைத் தள்ளிவிட்டு, உணவு டிராலியின் மேல் ஏறி மலம் கழித்தார். அதே விமானத்தில் போர்ச்சுகல் ஜனாதிபதி மாரியோ சோவாரெஸ் இருந்தார். அவரது பாதுகாப்பை எண்ணி வழியில் எங்கும் இறக்காமல் நியூயார்க் வரை பொறுத்துக்கொண்டே போனார்கள். பின்னர் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதத்தோடு, ஏறக்குறைய 49,000 டாலர் இழப்பீடும் கட்டச் சொன்னது. மறுத்ததால் வந்த வினை என்று இதைச் சிலர் சொல்லலாம். மறுப்பதற்கு முன் எத்தனை ஊற்றினார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அந்தக் கேள்வியைத்தான் நஷ்டஈட்டு வழக்குகள் கேட்கின்றன. சர்வதேசப் பயணத்தில் பயணிக்குக் காயம் நேர்ந்தால், 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி நிறுவனம் பொறுப்பு. இந்தியா 2009இல் இதில் சேர்ந்தது. நிறுவனத்தின் தவறை நிரூபிக்கத் தேவையில்லாத தொகைக்கு உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல் 151,880 எஸ்.டி.ஆர். அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகில். ஒரே நிபந்தனை, நடந்தது 'விபத்து'ஆக இருக்க வேண்டும். பயணிக்கு வெளியிலிருந்து வரும், எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான நிகழ்வே விபத்து என்று, இதற்கு முந்தைய ஒப்பந்தத்தின் அதே சொல்லுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் வரையறை தந்தது. பக்கத்து இருக்கைக் குடிகாரரின் அத்துமீறல் அதில் சேருமா? 1996இல் பாஸ்டனிலிருந்து பாரிஸ் போன விமானத்தில் ஒரு பயணி மற்றவரிடம் அத்துமீறிய வழக்கில், ஏற்கெனவே போதையில் இருந்தவருக்குப் பணியாளர்கள் மேலும் மது ஊற்றியிருந்தால் விளைவை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் சொல்லி, வழக்கை நடக்கவிட்டது. ஊற்றிய கைக்கும் அடித்த கைக்கும் இடையே சட்டம் கண்ட தொடர்பு இதுதான்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2020இல் வேறு திசையிலிருந்து அதே இடத்துக்கு வந்தது. சக பயணிகளைக் கடித்து அடித்த ஒருவரால் போர்ச்சுகலின் டாப் நிறுவன விமானம் திரும்ப, அதற்கடுத்த பயணத்தில் வர வேண்டியவர்கள் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்டார்கள். இப்படிப்பட்ட பயணி அசாதாரணச் சூழ்நிலை, நஷ்டஈடு தர வேண்டியதில்லை என்றது தீர்ப்பு. ஆனால் அந்த நடத்தைக்கு நிறுவனமே காரணமாக இருந்தாலோ, ஏறும்போதே தெரிந்த அறிகுறிகளைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலோ இந்த விலக்கு கிடையாது. போர்டிங் கேட்டில் கண்ணை மூடிக்கொள்வதற்கு ஒரு விலை வைத்தது இந்தத் தீர்ப்பு.

கடைசியாக ஒரு பெரிய சந்து மிச்சம் இருக்கிறது. ஒப்பந்தம் சொல்வது 'உடல் காயம்'. கோலாலம்பூரிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் போன கே.எல்.எம். விமானத்தில் பக்கத்து ஆள் தொட்டதால் மனச்சோர்வில் விழுந்த ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு, அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2002இல் இழப்பீடு மறுத்தது. உடலில் காயம் இல்லையாம். மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் 29ஆம் விதிப்படி, இதன் கீழ் கிடைக்காத இழப்பீட்டை வேறு சட்டத்தின் கீழ் அந்த நிறுவனத்திடம் கேட்கவும் வழி இல்லை. 102ஆம் விமானத்தில் நடந்ததாகச் சொல்லப்படுவது போன்ற ஒன்றில் உடலில் கீறல்கூட விழாது. அவமானமும் அதிர்ச்சியும்தான் மொத்தக் காயமும். ஐரோப்பிய நீதிமன்றம் 2022 அக்டோபரில், அவசர வெளியேற்றத்தின்போது எஞ்சின் காற்றில் தூக்கி வீசப்பட்ட ஒரு பயணியின் வழக்கில், மருத்துவச் சான்றோடு நிரூபித்தால் மனக் காயமும் உடல் காயத்துக்குச் சமமே என்று சொல்லி, இந்தச் சந்தை அடைத்தது. இந்தத் தீர்ப்பும் சரி, 2002ஆம் ஆண்டுத் தீர்ப்பும் சரி, இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துபவை அல்ல. குடித்துவிட்டு அத்துமீறியவர் மீதே தனியாக வழக்குப் போடுவதற்கு ஒப்பந்தத்தில் எந்தத் தடையும் இல்லை, ஏனென்றால் அது நிறுவனங்களை மட்டுமே பற்றியது. கிடைக்கும் தொகை அவருடைய வங்கிக் கணக்கைப் பொறுத்தது.